ஒரு தெரு அகல நிசப்தம்

பால்டோமெரோ லர்ரால்டே எங்கே நிற்கிறானோ அங்கிருந்து நாலு பக்கமும் ஒரு தெரு அகலத்துக்குச் சத்தம் எழாது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று ஆகஸ்ட் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலிலிருந்து அப்படித்தான். அவன் நடந்தால் நிசப்தமும் கூடவே நடக்கும், உட்கார்ந்தால் உட்காரும். அதற்குள் நுழைந்த நாய் குரைத்தால் வாய் திறந்து மூடுவது மட்டும் தெரியும். பால்வண்டி கல்லில் ஏறி இறங்கும், குதிரை தும்மும், பால்காரன் வாயில் வந்தபடி திட்டுவான், ஒன்றும் காதில் விழாது. வெளியே எழும் சத்தமும் அதற்குள் வராது. மொன்டெவிடியோவில் அந்த வருஷம் துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்தது, உருளைக்கிழங்கு விலை ஏறியது, செர்ரோ மேட்டில் கிரேக்கத் தெருவில் குடியிருந்த ஓர் ஆளைச் சுற்றிச் சத்தம் நின்றுபோனது. ஜனங்கள் அதிகம் பேசியது உருளைக்கிழங்கைப் பற்றித்தான்.

அவன் துறைமுகத்தில் தோல் கட்டு ஏற்றுகிறவன். கை நீளம், கால் நீளம், பேச்சு குறைவு. ஞாயிற்றுக்கிழமைகளில் உருகுவே அணிக்குக் கோல்கீப்பர். அந்த ஞாயிறு ஆற்றுக்கு அந்தக் கரையிலிருந்து அர்ஜென்டினாக்காரர்கள் இரவுக் கப்பல் ஏறி வந்திருந்தார்கள். அவர்களுக்கும் எங்களுக்கும் ஒரே பாஷை, ஒரே மாட்டிறைச்சி, ஒரே கசப்பு மாத்தே இலைக் கஷாயம். ஒரே குடுக்கையில் உறிஞ்சிக் குடித்த பங்காளிகள் என்பதால்தான் ஆகவே ஆகாது. அவர்கள் எங்களைக் குக்கிராமத்தான் என்பார்கள், நாங்கள் அவர்களைப் பீற்றல்காரர்கள் என்போம். இரண்டு கரைக்கும் நடுவே அவ்வளவு அகலமான ஆறு இருப்பதே கடவுள் யோசித்துச் செய்த காரியம் என்று எங்கள் பாதிரியார் சொல்வதுண்டு.

மைதானத்தில் இறங்குவதற்கு முன் தடுப்பாட்டக்காரன் கொல்லாஸோ அவனைச் சீண்டினான். "ஏ லர்ரால்டே, வீட்ல எத்தன மாசம்?"

"மூணு."

"அப்ப இப்பவே தூங்கிக்க. பொறந்துட்டா ராத்திரியெல்லாம் கத்தித் தீர்க்கும். கோல்ல நின்னுகிட்டே கொஞ்சம் கண்ண மூடிக்க."

"மூடிக்கலாம். ஆனா முன்னாடி நிக்கறது நீயில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். பால்டோமெரோவைச் சுற்றி எழுந்த கடைசிச் சிரிப்பு அது.

அந்த மைதானத்தை ஒட்டித்தான் புசேயோ இடுகாட்டுக்குப் போகிற ரோடு. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பிணவண்டி கடந்து போனால் ஆம்பிளைகள் எல்லோரும் தொப்பியைக் கழற்றி, நெஞ்சில் சிலுவை போட்டு, வண்டி போகிறவரை வாயைத் திறக்காமல் நிற்பார்கள். சண்டை போடுகிறவன் ஓங்கிய கையை இறக்கிவிட்டு நிற்பான், வண்டி போனதும் மறுபடி ஓங்குவான். குடிகாரன்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை, கை தானாகப் போகும். ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருந்தபோது, இரண்டு பக்கமும் கோல் இல்லாமல் எட்டாயிரம் பேர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தபோது, நாலு கறுப்புக் குதிரை பூட்டிய வண்டி அந்த ரோட்டில் வந்தது. உள்ளே இருந்தது ஓய்வுபெற்ற ஒரு சுங்க அதிகாரி. உயிரோடு இருந்தவரை அவருக்கு யாரும் தொப்பி கழற்றியதில்லை. ரோட்டுப் பக்கம் நின்றவர்கள் முதலில் கழற்றினார்கள், பிறகு அவர்களுக்கு அடுத்தவர்கள், அப்படியே மைதானம் முழுக்கத் தலைகள் வெறுமையாகி, சத்தம் அடங்கியது.

பால்டோமெரோ ரோட்டைப் பார்த்து நின்றிருந்தான். வண்டியைப் பார்த்தான். தொப்பியை இடது கைக்கு மாற்றி, வலது கையால் சிலுவை போட்டான். அர்ஜென்டினாவின் பெஸானா வண்டிக்கு முதுகைக் காட்டிப் பந்தோடு வந்துகொண்டிருந்தான். கூட்டம் அடங்கியதை அவனும் கேட்டான், தன்னைக் கண்டு பயந்துதான் அடங்கியது என்று நினைத்தான். அது அவன் வயசு. உதைத்தான். அப்படியொன்றும் வேகமான உதை இல்லை. பந்து புல்லில் உருண்டு, பால்டோமெரோவின் இடது கால் பக்கமாகப் போய், வலைக்குள் ஓய்ந்து நின்றது. நடுவராக இருந்த இங்கிலீஷ்காரர் சட்டப் புத்தகத்தைக் கரைத்துக் குடித்தவர், அதில் பிணவண்டி பற்றி ஒரு வரியும் இல்லை. கையை நீட்டிக் கோல் என்றார்.

அந்த நேரத்தில் யாராவது ஒருத்தன் பால்டோமெரோவைத் திட்டியிருந்தால் எல்லாம் தீர்ந்துபோயிருக்கும் என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் எட்டாயிரம் பேர் கையிலும் தொப்பி இருந்தது. அந்த இடத்தில் நின்றிருந்தால் அவர்கள் ஒவ்வொருவரும் அதையேதான் செய்திருப்பார்கள். எந்த வாயைக் கொண்டு திட்டுவது? வண்டி போனது. தொப்பிகள் தலைக்கு ஏறின. கூட்டத்தின் ஓரத்திலிருந்து முனகல் தொடங்கி மெல்ல உள்ளே பரவியது, நடு மைதானம்வரை வந்தது, கோல் கம்பங்களுக்கு அருகே வந்து நின்றுவிட்டது. ஆட்டம் முடிந்த விசில் ஊதியதுகூட அவனுக்குக் கேட்கவில்லை. எல்லோரும் கலைந்த பிறகும் கம்பத்துக்குக் கீழே நின்றுகொண்டிருந்தவனைக் கொல்லாஸோ போய்க் கையைப் பிடித்து இழுத்து, "வா, போலாம்" என்று சொன்னான். சொன்னது தனக்கே கேட்கவில்லை என்று தெரிந்ததும் தொண்டையைத் தடவிப் பார்த்தான். அன்றைக்கு அவன் பயந்த பயத்தில் அடுத்த ஆட்டத்துக்கே வரவில்லை.

வீட்டில் ரெமிஹியா அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள். கதவு திறந்ததைப் பார்த்துத் திரும்பி, தோற்றுவிட்டாயா என்று கேட்டாள். குரல் வரவில்லை. கர்ப்பக்காரிகளுக்கு எதுவும் வரும் போகும் என்று நினைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள், அங்கே வந்தது. உள்ளே வந்தாள், போனது. அவள் சும்மா உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ரகம் இல்லை. ஒரு சட்டியையும் கரண்டியையும் எடுத்து, தட்டிக்கொண்டே தெருவில் இறங்கி நடந்தாள். எதிர்ப்பக்க நடைபாதையில் கால் வைத்ததும் சட்டி கணீரென்றது. ஒரு தெரு அகலம் என்ற கணக்கு அன்றைக்கு அவள் கண்டுபிடித்ததுதான், அதற்குப் பிறகு படித்தவர்கள் வந்து அளந்ததும் அதைவிடச் சரியாக இல்லை.

பாதிரியார் வந்து ஜெபம் செய்தார். கடவுளுக்குக் கேட்டிருக்கும் என்று வெளியே வந்து சொன்னார், ஆனால் சொல்லும்போது வானத்தைப் பார்க்கவில்லை. மருத்துவர் வந்து நெஞ்சில் குழல் வைத்தார், துடிப்பே கேட்கவில்லை. தான் படித்த படிப்பின்படி இந்த ஆள் செத்துவிட்டான், ஆனால் அதை எழுதிக் கொடுக்க மனசு வரவில்லை என்றார். ஒரு மாசம் கழித்து, அன்று திட்டாததை இன்றாவது திட்டுவோம் என்று கிரேக்கத் தெருவும் பிரெஞ்சுத் தெருவும் சேர்ந்து அவன் வாசலுக்கு வந்தார்கள். அவனை நடுவில் நிறுத்தி, வாய் வலிக்கத் திட்டினார்கள். சிலர் இந்த வாய்ப்பில் தங்கள் சொந்தக் கோபங்களையும் சேர்த்துக்கொண்டார்கள். அவன் தலையைக் குனிந்து நின்றான். ஒரு சொல்லும் கேட்கவில்லை. திட்டினவர்கள் வெட்கப்பட்டுக் கலைந்து போனார்கள்.

ஆற்றங்கரை ஊர் எதையும் வீணாக்காது, மாட்டின் கொம்பைக்கூடப் பொத்தானாக்கிவிடும். தலைவலிக்காரர்கள் அவனை வரச்சொல்லி அரைமணி நேரம் கட்டிலருகே உட்காரவைத்தார்கள். குடித்துவிட்டு வந்து கூச்சல் போடும் புருஷன்மார்களின் பெண்டாட்டிகள் ரெமிஹியாவிடம் வந்து, சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் அனுப்பேன் என்று கெஞ்சினார்கள். தேர்தல் வந்தபோது வெள்ளைக் கட்சிக்காரர்கள் சிவப்புக் கட்சி மேடையருகே நிற்கச் சொன்னார்கள், சிவப்புக் கட்சிக்காரர்கள் வெள்ளைக் கட்சி மேடையருகே. இரண்டுக்கும் அவன் போகவில்லை. துறைமுகத்தில் அவனுக்கு வேலை போய்விட்டது. மேலே கட்டு தொங்கும்போது "தள்ளு" என்று கத்தினால் கேட்காத ஆளை யார் வைத்துக்கொள்வார்கள்?

அப்போதுதான் மேட்டுக்குக் கீழே இருந்த, மாடு அடிக்கிற உப்பிறைச்சித் தொட்டியின் மேஸ்திரி தொன் ஃபெர்மின் வந்து ரெமிஹியாவைத் தெருக்கோடிக்குக் கூப்பிட்டுப் பேசினார்.

"உன் வீட்டுக்காரன எனக்குக் குடும்மா."

"அவரு கத்தி பிடிச்சதில்லையே."

"கத்தி வேண்டாம். சும்மா நின்னா போதும். முன்னாடி போன மாடு கத்தறது கேட்டு பின்னாடி வர்றது கால ஊனிக்குது. ஒண்ணு ஊனினா நூறு ஊனிக்கும். இவன் அந்த வாசல்ல நின்னா எதுக்கும் எதுவும் கேக்காது பாரு."

"அவருகிட்ட கேளுங்க."

"அவன்கிட்ட எப்படிக் கேக்கறது? அதான் உன்கிட்ட கேக்கறேன்."

பால்டோமெரோ போனான். அடிக்கிற இடத்துக்கும் பட்டிக்கும் நடுவே ஒரு சந்து, அதன் வாயில் அவனுக்கு ஒரு முக்காலி. மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அவனைக் கடந்து அமைதியாக உள்ளே போயின. போகும்போது ஒவ்வொன்றும் அவன் முகத்தைப் பார்த்தது. முதல் வாரம் அவனால் சாப்பிட முடியவில்லை. பிறகு சாப்பிட்டான். எங்கள் மேட்டில் எல்லோருடைய சோறும் அந்தத் தொட்டியிலிருந்துதான் வந்தது, அதில் பெருமைப்படவும் ஒன்றுமில்லை, அழவும் ஒன்றுமில்லை.

பிப்ரவரி வெயிலில் பெண் குழந்தை பிறந்தது. ஊரே மிசியா என்று மரியாதையாகக் கூப்பிடும் மருத்துவச்சி பெட்ரோனா அவனை முன்கூட்டியே கடற்கரைப் பக்கம் விரட்டிவிட்டாள், குழந்தை அழுததா என்று தெரிய வேண்டுமே. அழுதது. பெட்ரோனா இவ்வளவு பெரிய குரலை இதுவரை வெளியே இழுத்துப் போட்டதில்லை என்றாள். செலினா என்று பெயர் வைத்தார்கள். பால்டோமெரோ வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்த்தான். சின்ன வாய் பெரிதாகத் திறந்து, முகம் சிவந்து, நாக்கு நடுங்கியது. அழுகிறது என்று அவனுக்குப் புரிந்தது. அவ்வளவுதான் புரிந்தது.

பிரசவம் ஆன உடம்பு, ரெமிஹியா அடித்துப்போட்டாற்போல் தூங்குவாள். குழந்தை பசித்து அழுதது, யாருக்கும் கேட்கவில்லை. விடிந்து பார்த்தால் கண் வீங்கி, உதடு காய்ந்து கிடந்தது. அடுத்து ஒரு நாள் பால் புரையேறி முகம் நீலமாகிக் கிடந்ததை ரெமிஹியா தற்செயலாகத் திரும்பிப் பார்த்துத்தான் கண்டாள். தலைகீழாகப் பிடித்துத் தட்டி மீட்டாள். அன்று காலை அவள் அவனைத் தன் எதிரே உட்காரவைத்து, உதட்டை நிதானமாக அசைத்துப் பேசினாள். அதற்குள் இருவரும் அப்படிப் பேசப் பழகியிருந்தார்கள், அவளுக்கு உதட்டைப் படிப்பது கொஞ்சம் மெதுவாக வரும், அவனுக்கு வேகமாக.

"உன் மேல எனக்குக் கோவம் இல்ல."

அவன் தலையாட்டினான்.

"பிள்ள அழுதா எனக்குக் கேக்கணும்."

அவன் குழந்தையைப் பார்த்தான், வாசலைப் பார்த்தான். கம்பளியையும் மாத்தேக் குடுக்கையையும் எடுத்துக்கொண்டான். கனமான ஆள் அழுதால் பார்க்கச் சகிக்காது, அவன் தெருவைத் தாண்டுவதற்குள் கிரேக்கத் தெருவில் பாதிப் பேர் கதவைச் சாத்திக்கொண்டார்கள். நேர் எதிரே கரிக்கடை. கடைக்காரக் கிழவன் பாஸ்குவாலுக்குக் கல்லுடைப்பு வெடியில் இரண்டு காதும் எப்போதோ போய்விட்டது. "எனக்கு என்ன நஷ்டம்? நல்லா தங்கட்டும்" என்று பின்னறையைக் கொடுத்தான். இப்படியாக ஒரு மனிதன் தன் மகளின் அழுகை தன் மனைவிக்குக் கேட்பதற்காகத் தெருவின் மறுபக்கம் குடியேறினான். நிசப்தத்தின் ஓரம் ரெமிஹியாவின் வாசற்படியில் சரியாக முடிந்தது.

ஆறு வருஷம் அங்கே இருந்தான். காலையில் தொட்டிக்குப் போவான், மாலையில் வந்து கரிமூட்டை மேல் உட்கார்ந்து எதிர்வீட்டைப் பார்ப்பான். செலினா தவழ்ந்து வாசற்படிக்கு வந்தது, நடந்தது, தெருவைத் தாண்டி ஓடி வந்து அவன் மடியில் ஏறியது. உதட்டால் பேச அவளுக்குத் தனியாகக் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அப்பாவும் மகளும் பேசிக்கொண்ட வேகத்தில் ரெமிஹியாவுக்குப் பாதி பிடிபடாது. பாதி வார்த்தைகள் அவர்களே உண்டாக்கியவை. தெருப்பிள்ளைகளுக்கு அவன் ஒரு விளையாட்டு. பாடிக்கொண்டே ஓடி வந்து, பாட்டு அறுந்து, அந்தப் பக்கம் வெளியே போனதும் ஒட்டிக்கொள்கிறதா என்று பார்ப்பார்கள். அதில் செலினாதான் எப்போதும் ஜெயிப்பாள். அவ்வளவு பெரிய குரல். மீன்காரி கூப்பிடுவதற்குள் இவள் மீன் மீன் என்று மேடு முழுக்கக் கூப்பிட்டுவிடுவாள்.

பால்டோமெரோவுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அந்தக் குரலை ஒரு தடவை கேட்க வேண்டும். கோல், மானம், துறைமுக வேலை எல்லாம் எப்போதோ மறந்துபோயிருந்தன. பிள்ளையின் குரல் எப்படி இருக்கும் என்று பெட்ரோனாவிடம் உதட்டால் கேட்பான். அவள் யோசித்து, எண்ணெய் போடாத கீல் மாதிரி என்பாள். ரெமிஹியாவிடம் கேட்டால், உங்க அம்மா மாதிரிதான், வேற யாரு என்பாள். அவன் இரண்டையும் சேர்த்துக் கற்பனை செய்து பார்ப்பான். சேராது.

செலினாவுக்கு நாலு வயசானபோது, ஆட்டத்தில் பிடித்தது ஆட்டத்தில்தான் விடும் என்று கொல்லாஸோ ஒரு யோசனை சொன்னான். அவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமையின் உறுத்தல் இன்னும் போகவில்லை. புவெனஸ் ஐரிஸில் ஆட்டம் இருந்தது, தெரு முழுக்கச் சேர்ந்து பால்டோமெரோவைக் கப்பலேற்றினார்கள். பனிமூட்டத்தில் ஊதுகுழல் கேட்காமல் போனால் வம்பு என்று கப்பல்காரர்கள் அவனை மூக்குப் பக்கம் வரவிடாமல் வால் பக்கமே உட்காரவைத்தார்கள். மைதானத்தில் அந்தக் கரைக்காரர்கள் நடுவே அவனுக்கு இடம் கிடைத்தது. உருகுவே ஜெயித்தது. எங்கள் ஊரிலிருந்து போனவர்கள் பைத்தியம் பிடித்தாற்போல் கத்தினார்கள், அவனைச் சுற்றி வந்து நின்று அவன் காதருகே கத்தினார்கள். திறந்த வாய்களையும் கழுத்து நரம்புகளையும் அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு கையைத் தட்டினான். அதுவும் கேட்கவில்லை.

வெளியே வரும்போது ஒருத்தன் காத்துக்கொண்டிருந்தான். தலை கொஞ்சம் வழுக்கை, ஆட்டத்தை விட்டுவிட்ட பெஸானா. விஷயம் அவன் காதுக்கு எட்டி நாளாகியிருந்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு, நிசப்தத்துக்குள் வந்து, பால்டோமெரோவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினான். கண்ணீர் வடிந்தது. பால்டோமெரோ உதட்டைப் படிக்கக் கூர்ந்து பார்த்தான். பெஸானா அந்நாள் வழக்கப்படி பெரிய மீசை வைத்திருந்தான், உதடு தெரியவில்லை. என்ன சொன்னான் என்பது இன்றுவரை தெரியாது. பால்டோமெரோ அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுக் கப்பலுக்குத் திரும்பினான்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, குளிர்காலத்தில் செர்ரோ மேட்டில் தொண்டை அடைப்பான் வந்தது. இத்தாலித் தெருவில் இரண்டு பிள்ளைகள் போயின. பிறகு செலினா படுத்தாள். ஊசி போட்டார்கள், கொஞ்சம் பிந்தித்தான் போட்டார்கள். மருத்துவர் ரெமிஹியாவிடம் சொல்லிவிட்டுப் போனார். "மூச்சு இழுக்கறப்ப உள்ள விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். அது வந்துகிட்டே இருந்தா பயம் இல்ல. கரகரன்னு மாறிச்சுன்னா உடனே ஆள் அனுப்புங்க, தொண்டையில துளை போட்டாதான் உண்டு. அதனால காத எடுக்காதீங்க. பார்த்தா தெரியாது, கேட்டாதான் தெரியும்."

ரெமிஹியா காதை எடுக்கவில்லை. கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பால்டோமெரோ தொட்டிக்குப் போகவில்லை. தொன் ஃபெர்மின் ஆள் மேல் ஆள் அனுப்பினார், மாடுகள் காலை ஊன்றிக்கொண்டு நின்றன, அவன் அசையவில்லை. எதிர்ப்பக்க நடைபாதையில் சுவரோடு சுவராக ஒட்டி நின்றான், ஓர் அங்குலம் முன்னே வந்தாலும் நிசப்தம் ஜன்னலைத் தொட்டுவிடுமோ என்ற பயம். செலினாவின் தொண்டையிலிருந்து குரல் போய்விட்டிருந்தது. ஆனால் உதடு அசைந்தது. நெஞ்சில் காதை வைத்திருந்த தாய்க்கு அந்த முகம் தெரியாது. தெருவுக்கு அப்பாலிருந்து பார்த்தவனுக்குத் தெரிந்தது. தண்ணீர் என்று உதடு சொன்னால் அவன் கையைக் குவித்து வாயருகே காட்டுவான், ஜன்னலருகே நிற்கும் பெட்ரோனா பார்த்து ரெமிஹியாவிடம் சொல்வாள். குளிருகிறது என்றால் தன் கம்பளியை இழுத்துக் காட்டுவான். இப்படி அந்த வீடு இரண்டு நாள் நடந்தது. அப்பா வீட்டுக்குள் இல்லாமலேயே.

மூன்றாம் நாள் மத்தியானம் பிள்ளை அவனைப் பார்த்துச் சொன்னாள். "அப்பா, இங்க வா."

"அம்மா கேட்டுகிட்டு இருக்கா கண்ணு. முடியட்டும், வரேன்."

"நெஞ்சுக்குள்ள ஒரு சத்தம். விசில் மாதிரி. தூங்கவே விடமாட்டேங்குது."

"தெரியும்."

"நீ வந்தா அது நின்னுரும்ல."

அவன் சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டான்.

"கொஞ்ச நேரம் வா. நான் தூங்கினதும் போயிரு."

"நாளைக்கு வரேன்" என்றான்.

"நாளைக்கா?"

"நாளைக்கு."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். இதை மட்டும் அவன் சைகையில் காட்டவில்லை. பெட்ரோனா என்ன என்று கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று கையை அசைத்தான். பிள்ளை கேட்டது காசு பணமில்லை, பொம்மையில்லை. உலகத்திலேயே அவன் ஒருவனால் மட்டும் கொடுக்க முடிந்த ஒன்றைக் கேட்டாள், அதைக் கொடுத்தால் அவள் செத்துப்போகலாம் என்பதால் அவன் கொடுக்கவில்லை. சுவரில் தலையை முட்டிக்கொண்டான். அதிலும் சத்தம் வரவில்லை.

சாயங்காலம் விசில் கரகரவென்று மாறியது. ஆட்கள் ஓடினார்கள், மருத்துவர் இன்னொரு வீட்டிலிருந்து ஓடி வந்தார், உள்ளே விளக்கு ஏற்றினார்கள், ஜன்னலில் முதுகுகள்தான் தெரிந்தன. பால்டோமெரோ எதிரே நின்று முதுகுகளைப் பார்த்தான். முதுகுகள் ஒவ்வொன்றாக விலகின. பிறகு கதவு திறந்து ரெமிஹியா வாசற்படிக்கு வந்தாள். தெருவுக்கு அப்பால் நின்றவனைப் பார்த்தாள். கையைத் தூக்கி, வா என்று அழைத்தாள்.

ஆறு வருஷத்தில் அவள் ஒரு நாளும் அப்படி அழைத்ததில்லை. வீட்டில் கேட்க வேண்டிய மூச்சு இருந்தவரை அழைக்கவே முடியாது. அதனால் அந்தக் கை எழுந்ததுமே அவனுக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. காலை எடுத்துவைக்க முடியவில்லை. தெருவைத் தாண்டாதவரை அது நடக்காதது மாதிரி இருந்தது. பாஸ்குவால் கிழவன் வெளியே வந்து முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளினான். அவன் தெருவில் இறங்கி நடந்தான், அவனோடு நிசப்தமும் நடந்தது. வாசற்படியைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, கட்டிலருகே போய் உட்கார்ந்தான். பிள்ளையின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். இப்போது அங்கே எந்தச் சத்தமும் இல்லை.

ரெமிஹியா சுவரோரம் சரிந்து உட்கார்ந்து கத்தினாள். வாய் திறந்ததையும் கழுத்து புடைத்ததையும் அவன் பார்த்தான். அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். அவள் கத்திய கத்தல் அவளுக்கே கேட்கவில்லை, அதனால் நிறுத்தாமல் கத்த முடிந்தது, மேலும் மேலும் கத்தினாள். வெளியே நின்ற வண்டிக் குதிரைகூடக் காதை அசைக்கவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் ரெமிஹியா தானே கரிக்கடைக்குப் போய் அவனுடைய கம்பளியையும் குடுக்கையையும் எடுத்துக்கொண்டு வந்து வீட்டில் வைத்தாள். அவன் மறுபடி தொட்டிக்குப் போகவில்லை, துறைமுகத்தில் கயிறு திரிக்கிற இடத்தில் தனியாக ஒரு மூலை கொடுத்தார்கள். சில மாசம் கழித்து, தெருக்கோடியில் நின்று பெட்ரோனா ரெமிஹியாவிடம் கேட்டாள். பாதிரியார் ரோமிலிருந்து ஏதோ எண்ணெய் வரவழைக்கிறாராமே, இன்னொரு தடவை முயற்சி பண்ணிப் பார்க்கக் கூடாதா, எத்தனை நாளைக்கு இப்படி வாயும் காதும் இல்லாமல் குடித்தனம் நடத்துவாய் என்று.

"இருக்கட்டும் மிசியா" என்றாள் ரெமிஹியா. "கேக்கறதுக்கு இனி எங்க வீட்ல என்ன இருக்கு."

அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. கிரேக்கத் தெருவில் பால்காரனும் மீன்காரியும் லர்ரால்டே வீட்டுக்கு நாலு வீடு முன்பே கூவுவதை நிறுத்திக்கொள்கிறார்கள், நாலு வீடு தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறார்கள்.